பேர் வரக்கூடாது

1995ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒன்பதாம் திகதி, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி ஐம்பத்திரண்டு நிமிடம். வெளியே ஆலங்கட்டி மழை. நீதிமன்றத்தின் கண்ணாடிக் கூரையில் அது அரிசி கொட்டுவதுபோலச் சத்தம் போட்டதால், ஜூரிகளின் சார்பில் எழுந்த பெண்ணை இன்னும் உரக்கச் சொல்லும்படி நீதிபதி கேட்டார். அவள் உரக்கச் சொன்னாள். "குற்றவாளி அல்ல" என்று ஆறு தடவை. குற்றம் சாட்டப்பட்ட வெள்ளைப் பையன்கள் மூன்று பேர், ஆளுக்கு இரண்டு குற்றச்சாட்டு. நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

அடி வாங்கியவன் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். சுதன், என் மனைவியின் அக்கா மகன். அந்த அடியோடு அவனுக்கு இடது காது போய்விட்டது. மழைச் சத்தத்தில் தீர்ப்பு அவனுக்கு விளங்கவில்லை. என் பக்கம் குனிந்து கேட்டான்.

"சித்தப்பா, எத்தினை வருசம்?"

ஒரு வருடமும் இல்லை என்று அவனுடைய வலது காதில் சொன்னேன்.

பார்வையாளர் பகுதியில் இருபத்திரண்டு இருக்கைகள். அன்று பத்தொன்பது பேர் இருந்தோம், தமிழர்கள் ஐந்து பேர். வந்திருக்கவேண்டிய ஆறாவது தமிழர் வரவில்லை. அந்த நேரத்தில் அவர் அப்டன் பார்க்கில் தன் கடையில் கத்தரிக்காய் நிறுத்துக்கொண்டிருந்திருப்பார். ஒன்பது நாள் நடந்த வழக்கில் ஒரு நாள், ஐந்து நிமிடம் அவர் வந்து, "அந்தப் பெட்டி என்னுடையது, நான்தான் அவனை அனுப்பினேன்" என்று சொல்லியிருந்தால் அந்தப் பெண் வேறு ஏதாவது சொல்லியிருப்பாள். ஆங்கிலத்தில் அது ஏழு சொற்கள்.

இது அந்த மனிதரைப் பற்றியது. அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. தன் பெயர் எங்கும் வரக்கூடாது என்பதுதான் அந்த மனிதர். அதை எடுத்துவிட்டால் அவரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

எண்பத்துநான்கில் அவர் கடை திறந்தபோது நான் பிளேஸ்டோவில் பதின்மூன்று வருடம் இருந்துவிட்டேன். நகரக் கவுன்சிலில் எழுதுவினைஞர் வேலை. அவர் கடைக்கு நடந்துபோக இருபத்தொரு நிமிடம். அந்தத் தெருவில் எல்லாக் கடைகளுக்கும் ஒரு அம்மன் பெயரோ மகள் பெயரோ இருந்தது. அவருடைய பலகையில் அரிசி, மரக்கறி, பலசரக்கு என்று மட்டும் இருந்தது.

"கடைக்குப் பேர் வைக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"பேர் வச்சால் ஆர் எண்டு தேடி வருவாங்கள், அண்ணை. அரிசி எண்டு போட்டால் அரிசி வாங்கிறவன் மட்டும் வருவான்."

கடை மனைவியின் தங்கை பெயரில் இருந்தது. சாமான் ஏற்றும் வான் ஒரு மருமகன் பெயரில். டெலிபோன், மேல்மாடியில் வாடகைக்கு இருந்தவன் பெயரில். கலியாண வீடுகளுக்கு அவர் கொடுக்கும் உறையில் எப்போதும் ஐம்பது பவுண் இருக்கும், வெளியே ஒன்றும் எழுதியிருக்காது. அதனாலேயே அது அவருடையது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். என் மூத்த மகளின் கலியாண அல்பத்தில் அவர் நான்கு படங்களில் இருக்கிறார். மூன்றில் பிடரி தெரிகிறது. நான்காவதில் முகத்துக்கு நேரே பாயசக் கிண்ணத்தைப் பிடித்திருக்கிறார்.

அவர் கெட்டவர் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நான் சண்டை பிடித்திருப்பேன். கடையின் பின்னறையில் ஒரு கம்பியில் பழைய ஓவர்கோட்டுகள் வரிசையாகத் தொங்கும். ஒருமுறை எண்ணினேன், பதினேழு. ஊரிலிருந்து புதிதாக வந்து இறங்குகிற பெடியன்களுக்கு ஆளுக்கு ஒன்று. அதோடு பத்துக் கிலோ அரிசி, ஒரு பருப்புப் பை. காசு வாங்கமாட்டார், கொப்பியில் எழுதவும் மாட்டார். "ஆர் தந்தது எண்டு கேட்டால் ஒருத்தரும் தரேல்லை எண்டு சொல்லு" என்று அனுப்பிவிடுவார்.

காரணத்தை ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னார். எண்பத்தேழாம் ஆண்டு, கறிவேப்பிலைக் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தபோது.

"கொழும்பிலை எங்கட ஒழுங்கையிலை பதினாலு தமிழ் வீடு, அண்ணை. எண்பத்துமூண்டு கலவரத்திலை ஒரு வீட்டையும் பிழைவிடாமல் கண்டுபிடிச்சாங்கள். எப்பிடி? கையிலை வோட்டர் லிஸ்ட். பேரைப் பாத்துப் பாத்து வந்தாங்கள். முன்வீட்டிலை ஒருத்தன் வாடகைக்கு இருந்தவன், அவன்ரை பேர் லிஸ்டிலை இல்லை. அவனும் தமிழன்தான். அவன்ரை வீட்டைத் தாண்டிப் போட்டாங்கள். நான் மதில் பாய்ஞ்சு ஓடினனான். எரிஞ்சது என்ர கடையும் பேர்ப்பலகையும்."

அந்தப் பயத்துக்கு ஆறு வருடம் மதிப்புக் கொடுத்தேன்.

சுதன் தொண்ணூற்றுமூன்று யூலையில் வந்தான். வயது இருபத்தொன்று. எங்கள் வீட்டில் இரண்டு அறை, ஐந்து பேர். அவனுக்குக் கடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை பிடித்துக் கொடுத்தோம். அகதி விண்ணப்பம் போட்டாயிற்று, ஆனால் வேலை செய்ய அனுமதிக்கும் கடிதம் இன்னும் வரவில்லை. கடைக்காரர் தானாகவே கேட்டார்: "அறைக்குள்ளை இருந்து என்ன செய்யிறாய், தம்பி? கடைக்கு வா." வாரம் முடிய ஒரு உறை. அதிலும் பெயர் இல்லை.

நவம்பர் பதினாறாம் திகதி, செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்து நாற்பது. ஒரு வீட்டில் அடுத்த நாள் அந்தியேட்டி. செத்தவீட்டின் முப்பத்தோராம் நாள் சமையலுக்கு மரக்கறிப் பெட்டி ஒன்றை அங்கே கொடுத்துவிட்டு வரும்படி சுதனை அனுப்பினார். எட்டுக் கிலோ வெங்காயம், கத்தரிக்காய், பத்துத் தேங்காய், மேலே நாற்பது வாழையிலை. மூன்றாவது திருப்பத்தில் அந்த மூன்று பையன்களும் நின்றார்கள். ஒருவன் கையில் இரும்புக் குழாய். பெட்டி விழுந்து தேங்காய்கள் உருண்டு ஓடியதாம். அதற்குமேல் சுதனுக்கு ஞாபகம் இல்லை. தாடை இரண்டு இடத்தில் உடைந்தது. மூன்று பல்லும் இடது காதும் போயின.

அடுத்த நாள் காலை பத்தரைக்கு நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கடைக்காரர் எனக்கு முன்பே கட்டிலருகில் நின்றார். சுதனுக்குத் தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள், பேச முடியாது. ஒரு தாளில் பென்சிலால் எழுதினான்: கடைச் சாமான். அந்தியேட்டி வீட்டுக்குக் கொண்டுபோனனான். கடை அண்ணை அனுப்பினவர்.

கடைக்காரர் அந்தத் தாளை எடுத்து வாசித்தார், நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு ஒரு வெற்றுத்தாளை அவன் முன்னால் வைத்தார்.

"தம்பி, அதை எழுதாதை. உனக்கு வேலைக் கடிதம் இன்னும் வரேல்லை. கடையிலை வேலை செய்தனீ எண்டு தெரிஞ்சால் முதல் பிளேனிலை ஏத்துவாங்கள். சமையலுக்கு வாங்கிக்கொண்டு போனனான் எண்டு எழுது."

சுதன் என்னைப் பார்த்தான். அவரும் என்னைப் பார்த்தார்.

"அண்ணை, நீங்கள் படிச்சனீங்கள். நான் சொல்லுறது பிழையோ?"

யோசித்துப் பார்த்தேன். அன்றைக்கு அது சரியாகத்தான் பட்டது.

"பிழையில்லை" என்றேன்.

"அப்ப நான் வாறன். பொலிஸ் வந்தால் என்னையும் ஆரெண்டு கேப்பாங்கள்." லிஃப்டில் ஆட்கள் இருப்பார்கள் என்று படியால் இறங்கிப் போனார். ஐந்தாம் மாடி.

பதினொன்று இருபதுக்கு ஒரு பொலிஸ்காரி வந்தாள். சுதன் புதுத் தாளில் எழுதியிருந்ததை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள். பிறகு வந்த எல்லா வாக்குமூலமும் அதன்மேல் கட்டியதுதான்.

வழக்கு வர ஒரு வருடமும் மூன்றரை மாதமும் எடுத்தது. அதற்குள் சுதனுக்கு வேலைக் கடிதம் வந்துவிட்டது. அந்தியேட்டி வீட்டுக்காரர் கனடாவுக்குப் போய்விட்டார்கள். தொண்ணூற்றைந்து ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கடைக்குப் போனேன்.

"இப்ப பெடியனுக்குப் பயமில்லை. நீங்கள் வந்து பெட்டி உங்கட எண்டு சொன்னால் காணும். ஏழு சொல்லு."

"அதுக்கு முதல் ஒரு கேள்வி கேப்பாங்கள், அண்ணை. உன்ர பேர் என்ன எண்டு."

"சொல்லுங்கோவன்."

"ஏலாது." தராசுத் தட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார். "பேப்பரிலை வரும். கடை ஆற்றை பேரிலை எண்டு வரும். பிறகு ஒண்டொண்டா வரும். உங்களுக்குக் காசு வேணுமெண்டால் தாறன். திறமான லோயரைப் பிடியுங்கோ."

"இது அரசாங்கம் நடத்திற வழக்கு. லோயருக்கு எங்கட காசு தேவையில்லை."

"அப்ப பெடியனுக்கு ஒரு நல்ல சூட் வாங்கிக் குடுங்கோ. கோர்ட்டிலை மதிப்பாங்கள்."

நான் காசை வாங்கவில்லை. ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லவேண்டும்: நானே பொலிஸுக்குப் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் பொய்யை மொழிபெயர்த்தவன் நான். எனக்குக் கவுன்சில் வேலை. ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டு வருடமும் மூன்று மாதமும் இருந்தன. அவர் ஒரு வெளி ஆள் மாதிரி வந்து சொன்னால் எல்லாம் நேராகிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கத்தவே இல்லை. மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"உங்கள் அறையில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்?"

"நான் ஒராள்."

"எத்தனை அடுப்பு?"

"ஒண்டு."

"நாற்பது வாழையிலை எதற்கு?"

சுதன் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தான், பிறகு மேலே என்னைப் பார்த்தான். ஜூரிகளில் நான்கு பேர் சிரித்தார்கள். முன் வரிசையில் இரண்டு, பின் வரிசையில் இரண்டு. பெட்டியில் இருந்த சாமானின் விலை அரசாங்கம் அவனுக்கு ஒரு வாரத்துக்குக் கொடுக்கும் பெனிபிட் காசுக்குக் கிட்ட வருகிறது என்று வழக்கறிஞர் கணக்குக் காட்டினார். எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்டார். சுதன் கடையைச் சொன்னான். உடனே வழக்கறிஞர் ஒரு பொலிஸ் குறிப்பை வாசித்தார். அந்த வாரமே பொலிஸ் தெருவிலுள்ள கடைகளில் விசாரித்திருக்கிறது. அந்தக் கடைக்காரர் சொன்ன பதில்: நிறையப் பேர் வருவார்கள், இவனை ஞாபகமில்லை. பெயர்: தர விரும்பவில்லை.

எனக்கு அதுவரை அது தெரியாது. வாயை மூடிக்கொண்டு இருந்தார் என்றுதான் நினைத்திருந்தேன். இவனைத் தெரியாது என்று சொல்லியிருக்கிறார் என்பது அந்த மண்டபத்தில்தான் தெரிந்தது. பதினாறாம் திகதி அவர் கையாலேயே பெட்டியைத் தூக்கி இவன் தோளில் வைத்தவர்.

அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாக நடந்தது. "பொய்க் கடவுச்சீட்டில்தானே இந்த நாட்டுக்கு வந்தீர்கள்?" "ஓம்." "தேவைப்பட்டால் பொய் சொல்வீர்கள்?" சுதன் மறுபடியும் மேலே என்னைப் பார்த்தான். பெட்டி களவாடப்பட்டது, பையன்கள் அதைச் சந்தேகித்து மறித்தார்கள், அவன்தான் முதலில் பெட்டியைத் தூக்கி எறிந்தான், அவர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொண்டார்கள். இதுதான் எதிர்த்தரப்பின் கதை. ஜூரிகள் ஐந்து மணி பத்து நிமிடம் உள்ளே இருந்தார்கள். ஏழு ஆண், ஐந்து பெண். அதில் ஒருத்தி நம் பக்கத்து முகம், குஜராத்தியாக இருக்கலாம். நான் அவளைத்தான் நம்பியிருந்தேன். பன்னிரண்டு பேரும் ஒரே முடிவு.

பிறகு ஊர் முழுக்க அதுதான் பேச்சு. திருடனை மறித்த உள்ளூர்ப் பையன்கள் என்று பத்திரிகையில் மூவரும் பியர்க் கிளாஸோடு நிற்கும் படம் வந்தது. ஐந்து வாரத்தில் நாற்பத்துமூன்று கடிதங்கள் வெளியாயின. தீர்ப்புச் சரி என்று முப்பது, தவறு என்று பதின்மூன்று. சரி என்றவர்கள் தீர்ப்பைப் பற்றி இரண்டு வரி எழுதிவிட்டு, யார் யார் எல்லாம் நாட்டுக்குள் வந்துவிட்டார்கள் என்று இருபது வரி எழுதினார்கள். தவறு என்றவர்களும் பெட்டியை மறந்துவிட்டு மற்றவர்களைத் திட்டினார்கள். பெட்டி யாருடையது என்று கேட்ட கடிதம் ஒன்றே ஒன்று. எழுதியவர் ஓய்வுபெற்ற ஆங்கிலேயத் தபால்காரர். வாழையிலையைத் திருடி ஒருவன் என்ன செய்வான் என்று கேட்டிருந்தார். நான் நான்கு கடிதம் எழுதினேன். ஒன்றும் வரவில்லை.

அடுத்த வீட்டு வெள்ளைக்காரக் கிழவி வேலிக்கு மேலால் எட்டி எனக்கு ஆறுதல் சொன்னாள். "உன்னைச் சொல்லவில்லை. நீ ஒழுங்காக வந்தவன். உன்னைப் போன்றவர்களுக்குத்தான் இவர்களால் கெட்ட பெயர்."

அதையே தமிழிலும் கேட்டேன். கோயிலில் கோயம்புத்தூர் டாக்டர் ஒருவர் பிரசாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பிடித்தார்.

"என்ன சார், நாங்களும் விசா வாங்கிட்டுத்தானே வந்தோம்? பொய் பாஸ்போர்ட்ல வந்தவன் கோர்ட்ல மட்டும் உண்மை சொல்வான்னு எப்படி நம்புவாங்க? என் பேஷண்ட் ஒருத்தன் என்னையே கேக்கறான், நீயும் அந்த ஆளுங்கதானான்னு."

"ஓம் எண்டு சொல்லியிருக்கலாமே, டாக்டர்" என்றேன். அவர் பிறகு என்னோடு பேசவில்லை.

ஏப்ரலில் நூலக மண்டபத்தில் பொதுக்கூட்டம் வைத்தார்கள். அறுபத்துநாலு கதிரை, தொண்ணூற்றொரு பேர். தீர்ப்பை ஏற்கவேண்டும் என்று ஒரு பாதிரியார், ஜூரிமுறையே பிழை என்று ஒரு வாத்தியார், எல்லோரையும் திருப்பி அனுப்பு என்று பின்னால் நின்று கத்திய இருவர். கடைக்காரரும் வந்திருந்தார். கதவுக்குப் பக்கத்தில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஏன் வந்தார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நான் மைக்கை வாங்கி ஆங்கிலத்தில் சொன்னேன்: "இந்தப் பெட்டி யாருடையது என்று தெரிந்த ஒருவர் இந்த மண்டபத்தில் இருக்கிறார். அவர் இப்போது சொல்லட்டும்." தொண்ணூறு தலைகள் திரும்பின. கதவு ஆடிக்கொண்டிருந்தது. வானை நிறுத்திய இடத்தில் மீட்டருக்குக் காசு போடப் போனார் என்று யாரோ சொன்னார்கள்.

அடுத்த நாள் என் வீட்டு வாசலில் ஒரு பெட்டி மாம்பழம் இருந்தது. பன்னிரண்டு பழம். பெயர் இல்லை. நான் குப்பையில் போடத் தூக்கினேன். மனைவி பறித்துவிட்டாள்.

"இஞ்சாருங்கோ, மாம்பழம் என்ன பிழை செய்தது?"

அவளும் பிள்ளைகளும் நான்கு நாள் சாப்பிட்டார்கள். வீடு முழுக்க அந்த மணம். நான் யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு குளிரில் இருந்தேன்.

தொண்ணூற்றாறு ஜனவரியில் உள்துறை அமைச்சிலிருந்து சுதனுக்குக் கடிதம் வந்தது. இரண்டு பக்கம், பதினொரு பந்தி. ஏழாவது பந்தியில், பொலிஸ் விசாரணையில் உண்மைக்கு மாறான தகவல் தந்தவர் என்பதால் இவருடைய அகதிக் கதையையும் நம்புவதற்கில்லை என்று இருந்தது. மேன்முறையீடு செய்தோம். அதுவும் தோற்றது. தொண்ணூற்றேழு பெப்ரவரியில் அவனைக் கொழும்புக்கு ஏற்றி அனுப்பினார்கள். விமான நிலையத்துக்குப் போக எங்களை விடவில்லை. மொத்தத்தில் அவன் இந்த நாட்டில் இருந்தது மூன்று வருடம் ஏழு மாதம். அதில் ஒரு காது.

அன்றிலிருந்து எனக்கு நித்திரை நான்கு மணித்தியாலம். அடித்த மூவரின் விலாசம் எனக்குத் தெரியாது. ஜூரிகளின் பெயரைச் சட்டம் சொல்லாது. முகங்களை மட்டும் வரிசையாகச் சொல்வேன், அதை வைத்து என்ன செய்ய? அமைச்சின் கடிதத்தில் கையெழுத்து ஒரு கீறல். எல்லோரும் பெயரோ விலாசமோ இல்லாமல் ஒளிந்திருந்தார்கள். ஒருவருடைய பெயர் மட்டும், ஊரோடும் முன்னெழுத்துகளோடும், எனக்குத் தெரியும்.

நான் பதினொரு வருடம் எங்கள் கோயிலின் பொருளாளர். அந்த வருடம் புது மண்டபம் திறப்பதாக இருந்தது. நன்கொடையாளர் பெயர்களை ஒரு சலவைக்கல்லில் வெட்டிச் சுவரில் வைக்க முடிவாகியது. பட்டியல் தயாரிப்பது பொருளாளர் வேலை. கடைக்காரர் ஒன்பது தடவை பணம் கொடுத்திருக்கிறார், மொத்தம் ஆறாயிரத்து இருநூறு பவுண். ஒவ்வொரு தடவையும் ரசீதில் "அன்பர் ஒருவர்" என்று எழுதச் சொன்னவர். யார் அந்த அன்பர் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். ஆறாயிரத்து இருநூறு என்றால் பட்டியலில் முதல் வரி.

கல்லறைகளுக்குக் கல் வெட்டும் ஒரு வெள்ளைக்காரனிடம் வேலையைக் கொடுத்திருந்தோம். முதல் வரியை நான் தனியாக எழுதிக் கொண்டுபோனேன். முன்னெழுத்துகள், முழுப்பெயர், ஊர், கடையின் விலாசம், உரிமையாளர் என்ற சொல், தொகை. எல்லாம் ஆங்கிலத்தில், எழுபத்தெட்டு எழுத்து. அந்த வரிக்குக் கோயில் காசை எடுக்கவில்லை. நான் கட்டினேன். சரிபார்த்துத் தரும்படி அவன் கேட்டான். மூன்று தடவை சரிபார்த்தேன்.

யூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். ஒரு கவுன்சிலர் வந்து பட்டுத்துணியை இழுத்தார். கைதட்டல். பத்திரிகைப் படக்காரன் கல்லுக்குப் பக்கத்தில் கவுன்சிலரை நிறுத்தி ஆறு படம் எடுத்தான். கடைக்காரர் இரண்டாம் வரிசையில் வடைத் தட்டோடு நின்றார். கல்லை வாசித்தார். வாய் அசைந்ததைப் பார்த்தேன், எழுத்துக்கூட்டி வாசிப்பதுபோல. பிறகு தட்டை ஒரு கதிரையில் வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"என்ன வேலை செய்தனீங்கள், அண்ணை?"

"நீங்கள் குடுத்த காசுக்கு உங்கட பேரைப் போட்டனான். பிழை ஏதும் இருக்கோ?"

"என்னை நீங்கள் கொண்டுபோட்டியள்."

"ஞாபகமில்லை. இஞ்சை நிறையப் பேர் வாறவை" என்றேன்.

அந்தப் பதிலை இரண்டு வருடமும் மூன்று மாதமும் வைத்திருந்தேன். அவர் முகத்தில் அது போய் இறங்கியதைப் பார்த்தேன். அவர் திரும்பியபோது படக்காரன் அவரையும் கல்லையும் சேர்த்து ஒரு படம் எடுத்தான். அந்த ஒரு தடவை அவர் குனியவில்லை.

அந்த வாரப் பத்திரிகையில் வந்தது அந்தப் படம்தான். எழுத்துகள் அவ்வளவு தெளிவு. அந்தப் பத்திரிகையை நான் பதினொரு பிரதி வாங்கினேன். இப்போது என்னிடம் பத்து இருக்கின்றன.

கடையின் உண்மையான உரிமையாளர் ஒன்பது வருடமாக வேலையில்லாதவர் என்று பெனிபிட் எடுத்துவந்தார் என்பது அதன் பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. எனக்கு முதலே தெரியும். கவுன்சிலில் பார்த்துத் தெரிந்ததல்ல, தபால்கந்தோரில் பெனிபிட் காசு எடுக்கிற வரிசையில் புதன்கிழமைகளில் நின்றவரைக் கண்டவன். எட்டாம் வாரம் அவருக்கு அரசாங்கத்தின் கபில நிற உறை வந்தது. கடை விலாசத்துக்கு முதல் தடவையாக அவர் பெயரில் வந்த உறை. எடுத்ததைத் திருப்பிக் கட்டவேண்டும், அதோடு தண்டம். பதினாலாயிரத்து எண்ணூற்று எழுபது பவுண். தொண்ணூற்றெட்டில் கடையை விற்றுவிட்டு மகள் வீட்டுக்கு, ரெய்னர்ஸ் லேன் பக்கம் போனார். அவர் கடையில் வேலை செய்த நான்கு பெடியன்கள் வேலை இழந்தார்கள். அவர்களை நான் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும். அதைத் தவிர எனக்கு இதில் ஒரு வருத்தமும் இல்லை. மறுபடி வாய்த்தால் மறுபடியும் செய்வேன், இன்னும் பெரிய எழுத்தில்.

சுதன் கொழும்பில் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தான். மாதம் ஒரு தடவை டெலிபோன் அட்டை வாங்கி அவனோடு பேசுவேன். கடை விற்ற செய்தியை அவனிடம் சொல்ல அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தேன். கல், படம், உறை, தண்டம் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். அவன் நல்ல காதில் போனை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"சித்தப்பா, அடிச்சவங்கள் மூண்டு பேர். விட்டவங்கள் பன்னிரண்டு பேர். ஏத்தி அனுப்பினவங்கள் எத்தினை பேரெண்டு தெரியாது. நீங்கள் போய் இவரையே பிடிச்சியள்?"

"இவர்தானே எனக்கு எட்டினவர்."

"ஆஸ்பத்திரியிலை பொலிஸுக்கு இங்கிலிஸிலை சொன்னது ஆர்?"

அவன் கோபமாகக் கேட்கவில்லை, நேரம் கேட்பதுபோலக் கேட்டான். அவன் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அட்டையில் மிச்சமிருந்த நான்கு நிமிடமும் ஓடித் தீர்ந்தது.

அவன் என்ன சொன்னான் என்று மனைவி கேட்டாள். சுகமாயிருக்கிறானாம் என்றேன். பிறகு மேசையில் இருந்து ஒரு தாளில் எழுதினேன். எழுபத்தெட்டு எழுத்து, எழுத்துக்கு ஒரு பவுண் இருபது பென்ஸ், விற்பனை வரியோடு நூற்றொன்பது பவுண் தொண்ணூற்றெட்டு. பத்திரிகை பதினொன்று, மூன்று பவுண் முப்பது. தபால் முத்திரை ஒன்று, இருபத்தாறு பென்ஸ். எனக்கு ஆன செலவு மொத்தம் நூற்றுப் பதின்மூன்று பவுண் ஐம்பத்துநாலு பென்ஸ்.